ரக்பி வீரர் தொழிலதிபரானால் பெயர் எதுவரை செல்லும்?

கேள்வி இதுதான்: "தென்னாப்பிரிக்க ரக்பி வீரர் பிரையன் ஹபானா இப்போது பேமிநவ் என்ற நிதித் தொழில்நுட்ப நிறுவனத்தின் இணை நிறுவனர் என்று படித்தேன். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவருக்கும் சம்பளக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? இவர்கள் நிஜமாகவே தொழில் செய்கிறார்களா, பெயரைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார்களா?"

கேட்டவருக்கு ரக்பி மேல் பெரிய அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. ஓர் இடத்தில் சம்பாதித்த பெயரை வேறோர் இடத்தில் கொண்டுபோய் வைத்தால் அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதுதான் அவர் கேட்பது. அதற்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும், ஏனென்றால் ஹபானா போய்ச் சேர்ந்த இடம் என் இடம். நான் சென்னையில் உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பேரோல், அதாவது ஊழியர்களின் மாதச் சம்பளக் கணக்கு, போட்டுத் தருகிறவன். பதினான்கு வருடமாக இதே வேலை, அதில் ஆறு வருடம் தென்னாப்பிரிக்க வாடிக்கையாளர்கள். ரக்பி எனக்கு அவர்களால்தான் அறிமுகம். திங்கட்கிழமை காலை அழைப்பில் சனிக்கிழமை ஆட்டத்தை ஒரு சுற்று அலசாமல் கணக்குக்கு வரமாட்டார்கள். ஆகவே ரக்பி பற்றி நான் சொல்வதை ஒரு பார்வையாளன் பேச்சாகவும், சம்பளம் பற்றிச் சொல்வதைத் தொழில்காரன் பேச்சாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய நிறுவனத்தோடு எனக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை.

முதலில் ஆள் யார் என்பது. 1983இல் ஜோகன்னஸ்பர்கில் பிறந்தவர். அப்பா மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர். பிரையன் ராப்சன், கேரி பெய்லி என்ற இரண்டு கால்பந்து வீரர்களின் பெயரைச் சேர்த்துப் பிள்ளைக்கு பிரையன் கேரி என்று வைத்தார். பிள்ளை ரக்பிக்குப் போனது. மைதானத்தின் ஓரத்தில் நின்று ஓடுகிற விங் என்ற இடம் அவருடையது. நாட்டுக்காக 124 டெஸ்ட் (ரக்பியில் நாடுகளுக்கு இடையிலான ஆட்டத்துக்கு அப்படிப் பெயர்), 67 ட்ரை. எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை மண்ணில் பதிப்பதுதான் ட்ரை. தென்னாப்பிரிக்காவுக்கு அவரைவிட அதிகம் வைத்தவர் இல்லை. 2007 உலகக் கோப்பையில் மட்டும் எட்டு ட்ரை வைத்து, 1999இல் நியூசிலாந்தின் ஜோனா லோமு வைத்திருந்த கணக்கைச் சமன் செய்தார். அந்த ஆண்டு கோப்பையும் அவர்களுக்கு, உலகின் சிறந்த வீரர் விருதும் அவருக்கு. பிறகு பிரான்சின் தூலோன் அணியில் சில வருடங்கள். முழங்கால் காயம் ஒன்று ஏறக்குறைய ஒரு வருடம் அவரைக் களத்துக்கு வெளியே உட்கார வைத்தது. 2018 ஏப்ரலில் விடைபெற்றார். வயது 34.

இந்த 34 என்ற எண்தான் கேள்வியின் வேர். நம் ஊரில் அந்த வயதில் ஒருவர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பார். ரக்பி வீரருக்கோ அதற்குள் ஒரு தொழில்வாழ்க்கை முடிந்துவிடுகிறது. முன்பு இப்படி இல்லை. 1995 வரை ரக்பி யூனியன் என்ற இந்த வகை ரக்பியில் ஆடுவதற்குச் சம்பளம் வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆடுகிறவர்கள் எல்லாரும் வேறு ஏதாவது வேலையில் இருந்தார்கள். எழுபதுகளின் பெரிய வேல்ஸ் வீரர் ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் எலும்பு முறிவு அறுவை மருத்துவர். ஆட்டம் முடிந்தால் மறுநாள் ஆஸ்பத்திரி. "அடுத்து என்ன" என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை. 1995 ஆகஸ்ட் 26 அன்று பாரிஸில் அந்தத் தடை நீங்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்பு ஜோகன்னஸ்பர்கின் எல்லிஸ் பார்க்கில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தை அப்பாவோடு உட்கார்ந்து பார்த்த பன்னிரண்டு வயதுப் பையன்களில் ஹபானாவும் ஒருவர். ரக்பியை ஒரு வேலையாகவே பார்த்து வளர்ந்த முதல் தலைமுறை அது. ஆட்டத்துக்குப் பணம் வந்தது, கூடவே முப்பத்துச் சொச்சம் வயதில் வேலை போகும் பிரச்சினையும் வந்தது.

அந்தப் பிரச்சினையை வீரர்கள் தாண்டியிருக்கும் விதங்கள் பல. பிரான்சில் செர்ஜ் பிளாங்கோ 1992இல் ஆட்டத்தை விட்டார், தன் பெயரிலேயே ஆடை நிறுவனமும் ஹோட்டல்களும் நடத்தினார். அதே நாட்டில் பிராங்க் மெஸ்னெல், எரிக் பிளாங்க் என்ற இருவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே, 1987இல், ஈடன் பார்க் என்ற துணிக்கடைக்கு அடி போட்டார்கள். அவர்களுடைய ரேசிங் அணிக்காரர்கள் விளையாட்டாக இளஞ்சிவப்பு போ டை கட்டிக்கொண்டு இறங்குகிற கூட்டம். 1990 தேசிய இறுதியாட்டத்தில் இடைவேளையில் ஷாம்பெயின் குடித்துவிட்டு வந்து ஜெயித்தார்கள். அந்த போ டைதான் இன்றைக்கும் அந்தச் சட்டைகளின் அடையாளம். இங்கிலாந்தில் ஜார்ஜ் குரூயிஸ், டொமினிக் டே இருவரும் ஃபோர்ஃபைவ் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். லாக் என்ற இடத்தில் ஆடுகிறவர்களின் ஜெர்சி எண்கள் நாலும் ஐந்தும், பெயர் அங்கிருந்து வந்தது. விற்ற சரக்கு கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத சிபிடி எண்ணெய். ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலிருந்து சிபிடியை மட்டும் 2018இல் எடுத்தார்கள், அந்தச் செடியின் மற்றக் கூறுகளுக்குத் தடை நீடித்தது. அப்படியானால் ஒரு வீரர் நம்பி வாங்க, பரிசோதித்த சரக்கு வேண்டும். அந்தத் தேவை ஆடுகிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இவர்கள் எல்லாரும் விற்றது ரக்பி வாசனை அடிக்கிற பொருள். சட்டை, உடம்பு வலிக்கு எண்ணெய். வாங்குகிறவர் ரசிகர். ஹபானா கதை எனக்குச் சுவாரசியமாகப் படுவது அவர் அந்த வட்டத்தைத் தாண்டியதால்தான். அவரும் முதலில் பக்கத்து வீட்டில்தான் கால் வைத்தார். ரெட்ரோஆக்டிவ் என்ற விளையாட்டு விளம்பர நிறுவனத்தை இன்னும் சிலரோடு சேர்ந்து தொடங்கினார். விளம்பரம் அவருக்குப் புதிதில்லை. 2007இல் ஒரு சிவிங்கிப்புலியோடு ஓட்டப்பந்தயம் ஓடினார் (சிவிங்கிதான் ஜெயித்தது). 2014இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விளம்பரத்துக்காக ஏ380 விமானத்தோடு ஓடினார். இதெல்லாம் பெயரை வாடகைக்கு விடுவது. ஓடினோமா, காசு வாங்கினோமா, வீட்டுக்கு வந்தோமா. ஆனால் டியோன் நோப்ரெகா என்பவரோடு சேர்ந்து பேமிநவ் தொடங்கியபோது பெயரை மூலதனமாகப் போட்டு, பங்கு வாங்கிக்கொண்டு, லாப நஷ்டத்துக்குள் இறங்கினார். அந்த நிறுவனத்தின் சரக்கில் ரக்பி துளியும் இல்லை.

சரக்கு என்ன என்று புரிய, தென்னாப்பிரிக்கச் சம்பள நாட்காட்டி தெரிய வேண்டும். அங்கே பெரும்பாலான நிறுவனங்களில் மாதச் சம்பளம் 25ஆம் தேதி. பதினைந்து வாக்கில் எங்களுக்கு விவரங்கள் வந்து சேரும்: வந்த நாள், வராத நாள், ஓவர்டைம், பிடித்தம். அந்தத் தாளில் 'அட்வான்ஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு உணவுத் தொழிற்சாலையின் ஹெச்.ஆர். அம்மா பத்தாம் தேதியிலிருந்தே எனக்கு மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பித்துவிடுவார். ஒன்பது பேர், பத்து பேர். 200 ராண்ட், 350 ராண்ட் (ராண்ட் அந்த ஊர்ப் பணம்). எதிரே ஒரு வார்த்தையில் காரணம். பிள்ளையின் பள்ளி வேன். மின்சார டோக்கன். அங்கே பல வீடுகளில் கரண்டுக்கு முன்கூட்டியே காசு கட்டி எண் வாங்கிப் போட வேண்டும், காசு தீர்ந்தால் விளக்கு அணைந்துவிடும். 350 ராண்டுக்கு ஒரு மேலாளர் கையெழுத்து, தனி வங்கிப் பரிமாற்றம், 25ஆம் தேதி மறக்காமல் பிடித்தம். ஒரு மாதம் நான் நாலு பேருக்குப் பிடிக்க மறந்தேன். அடுத்த மாதம் இரண்டு மாதத்துக்கும் சேர்த்துப் பிடித்தபோது அதில் ஒருவருக்கு வீட்டுக்குக் கொண்டுபோக அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த அம்மா அன்று என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்த அட்வான்ஸ் எல்லா முதலாளியும் தருவதில்லை. தராத இடத்தில் தொழிலாளி போகிற ஆளுக்கு அங்கே மஷோனிசா என்று பெயர். நம் ஊர் கந்துவட்டிக்காரரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு நூற்றுக்கு முப்பது, ஐம்பது என்று வட்டி. அடமானம் ஏடிஎம் அட்டையும் அதன் ரகசிய எண்ணும். சம்பளம் விழுந்த காலையில் முதலில் இயந்திரத்துக்கு முன் நிற்பது அவர்தான். உரிமம் பெற்ற கடன் நிறுவனங்களும் யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. 2012 ஆகஸ்டில் மாரிக்கானா பிளாட்டினச் சுரங்க வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு 34 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்தத் தொழிலாளர்களில் எத்தனை பேருடைய சம்பளம் கைக்கு வருமுன்பே கடன்காரர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது வெளியே பேசப்பட்டது. சம்பளத்தைப் பிடித்துவைக்கும் உத்தரவுகளை நீதிபதி பார்க்காமலே வாங்கிவிடும் பழக்கம் 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய்த்தான் கட்டுக்குள் வந்தது.

பேமிநவ் மாதிரி நிறுவனங்கள் புகுந்தது இந்த இடைவெளியில். தொழிலாளி இதுவரை வேலை பார்த்த நாட்களுக்கான சம்பளத்தில் ஒரு பகுதியை, மாத முடிவுக்குக் காத்திருக்காமல், போனில் எடுத்துக்கொள்ளலாம். நிறுவனம் தன் பணத்திலிருந்து உடனே தரும், ஒரு கட்டணம் எடுக்கும், 25ஆம் தேதி முதலாளி பிடித்து அனுப்புவார். எண் வைத்துப் பார்ப்போம். 2019 ஜனவரியில் அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 ராண்ட் என்று தொடங்கியது. வாரம் 40 மணி நேரம் பார்த்தால் மாதம் சுமார் 3,500. வேலை நாள் 22 என்றால் நாளுக்கு 159. பன்னிரண்டு நாள் பார்த்தவர் 1,900க்குக் கொஞ்சம் மேலே சம்பாதித்திருப்பார். பாதி எடுக்கலாம் என்று வைத்தால் 950 அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அது அவர் ஏற்கெனவே உழைத்த காசு.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். இந்தச் சரக்கைத் தொழிலாளியிடம் நேராக விற்க முடியாது. முதலில் முதலாளி சம்மதிக்க வேண்டும், ஏனென்றால் வருகைப் பதிவும் பிடித்தமும் அவர் கையில். ஐயாயிரம் பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் நிதி இயக்குநரைச் சந்திக்க ஒரு புதிய நிறுவனத்தின் விற்பனையாளர் மாதக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பிக் கிடப்பார். ஹபானா போன் செய்தால் அன்றைக்கே நேரம் கிடைக்கும், காபியும் கிடைக்கும், 2007 அரையிறுதியில் அர்ஜென்டினா பந்தை இடைமறித்து ஓடியதைப் பற்றி அரை மணி நேரப் பேச்சும் கிடைக்கும். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். புதிய நிறுவனங்கள் சாவது பெரும்பாலும் அந்த முதல் சந்திப்பு கிடைக்காமல்தான்.

ஆனால் நிதி இயக்குநர் தலையாட்டிய பிறகு கோப்பு கீழே இறங்கி எங்களைப் போன்றவர்களிடம் வரும். நாங்கள் கேட்கிற கேள்விகளுக்கு ட்ரை கணக்கில் பதில் கிடையாது. பதினெட்டாம் தேதி பணம் எடுத்தவர் இருபதாம் தேதி வேலையை விட்டு நின்றால் நஷ்டம் யாருக்கு? நாங்கள் கணக்கை மூடிய பிறகும் உங்கள் செயலி பணம் கொடுத்துக்கொண்டே இருக்குமா? வேலைவாய்ப்பு அடிப்படை நிபந்தனைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் பிடிக்கக் கூடாது என்கிறது, அந்த ஒப்புதல் எங்கே? 2021 ஜூலை முதல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கிறது, எங்கள் ஆட்களின் வங்கி எண்ணை எந்த சர்வரில் வைப்பீர்கள்? எல்லாம் பிடித்து ஒருவருக்கு நிகரச் சம்பளம் மைனஸில் போனால்? பேரோல் ஆட்கள் இயல்பிலேயே சந்தேகப் பிராணிகள். 25ஆம் தேதி ஒரு தவறு நடந்தால் ஆலை வாசலில் நிற்கப்போவது செயலிக்காரர் இல்லை, எங்கள் ஹெச்.ஆர். அம்மா. பெயர் முதலாளியின் கதவைத் திறக்கும். சம்பளப் பிரிவின் கதவுக்கு வேறு சாவி. அந்தச் சாவியைச் செய்யத் தெரிந்த கூட்டாளி ஒருவர் வேண்டும். தலைமைச் செயல் அலுவலர் நாற்காலியில் நோப்ரெகா உட்கார்ந்தார், ஹபானா உட்காரவில்லை. என் கண்ணுக்கு அவர் எடுத்த மிக நல்ல முடிவு அதுதான். தோற்றுப்போன நட்சத்திர நிறுவனங்களில் நான் பார்த்த வரை, விளையாட்டுக்காரரோ நடிகரோ, பெயர் வைத்திருந்தவரே எல்லாம் தெரிந்தவராகவும் உட்கார்ந்திருப்பார்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்வது சந்தேகத்துக்குரியது. களத்தில் கற்ற ஒழுக்கம், அணியுணர்வு, தோல்வியைத் தாங்கும் மனசு இதெல்லாம் தொழிலுக்கு அப்படியே வந்துவிடும் என்று மேடைகளில் சொல்கிறார்கள். பந்தை இடைமறிப்பது போல வாய்ப்பை இடைமறிக்கிறார் என்று ஒரு பத்திரிகைக்காரராவது எழுதாமல் இருக்கமாட்டார். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. ஜெயித்தவர்களை மட்டும் மேடையேற்றிக் கேட்டால் அப்படித்தான் பதில் வரும். அதே ஒழுக்கத்தோடு ஆடி, உணவகமோ உடற்பயிற்சிக் கூடமோ தொடங்கிச் சேமிப்பை இழந்தவரை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. வேண்டுமானால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: திட்டு வாங்கிப் பழகியவர்கள் அவர்கள். ஒவ்வொரு திங்களும் பயிற்சியாளர் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, நீ இங்கே தப்பாக நின்றாய் என்று முப்பது பேர் முன்னால் காட்டுவார். எங்கள் கேள்விகளைக் கேட்டு முகம் சுளிக்காமல் திரும்பி வருகிற விற்பனையாளர்கள் குறைவு. அங்கே அந்தப் பழக்கம் உதவலாம்.

இன்னொரு சந்தேகம் இந்தத் தொழிலின் மேலேயே. இது கடனா, கடன் இல்லையா? உழைத்த காசைத்தானே எடுக்கிறார், வட்டி இல்லையே என்பார்கள் நடத்துகிறவர்கள். நான் என் கையிலிருந்து ஓர் எண் போடுகிறேன், எந்த நிறுவனத்தின் கட்டணமும் இல்லை: சம்பள நாளுக்குப் பத்து நாள் முன்னால் 300 ராண்ட் எடுக்க 20 ராண்ட் கட்டணம். வருடக் கணக்கில் மாற்றினால் 240 சதவீதத்தைத் தாண்டும். பயங்கரமாகத் தெரிகிறது. அதே 300ஐ மஷோனிசாவிடம் ஐம்பது வட்டிக்கு வாங்கினால் மாத முடிவில் 450. இதோடு ஒப்பிட்டால் 20 ராண்ட் தர்மம். இரண்டு கணக்கும் சரிதான், யார் பக்கத்தில் நின்று போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எனக்கு உறுத்துவது மூன்றாவது கணக்கு. இந்த மாதம் 320 குறைந்தால் அடுத்த மாதம் பத்தாம் தேதியே கை காலியாகும், மறுபடி எடுப்பார். எங்கள் அட்வான்ஸ் கட்டத்திலும் மாதாமாதம் அதே ஒன்பது பெயர்கள்தான் வரும். ஒரு தடவை அவசரத்துக்கு எடுப்பவருக்கும், ஓட்டைப் பானையில் ஊற்றுகிறவருக்கும் ஒரே பொத்தான். பேமிநவ் செயலிக்குள் பணத்தைக் கையாள்வது பற்றிய பாடங்களையும் வைத்திருப்பது இதைத் தெரிந்துதான் என்று நினைக்கிறேன். பாடம் நல்லதுதான். ஆனால் 3,500இல் குடும்பம் நடத்துகிறவருக்குக் குறைவது பாடமா பணமா என்று கேட்டால், பேரோல்காரனாக என் பதில் பணம்.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்கு: ஹபானா நிஜமாகவே தொழில் செய்கிறார் என்றே சொல்வேன். அவர் கணினி நிரல் எழுதுவதில்லை, பிடித்தக் கோப்பைச் சரிபார்ப்பதில்லை. கதவைத் திறந்து, உள்ளே போய்ப் பேசி, நம்ப வைக்கிறார். அது ஒரு வேலை, அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். அந்த வேலைக்கு ஒரு காலக்கெடு உண்டு என்பதுதான் அவரும் யோசிக்க வேண்டியது. போன மாதம் எங்கள் தென்னாப்பிரிக்க வாடிக்கையாளர் ஒருவர் சம்பளப் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண்ணை எடுத்தார். 2007இல் அவளுக்கு ஐந்து வயது. திங்கள் அழைப்பில் மேலாளர் ஹபானா காலத்து ஆட்டம் எதையோ எடுத்துவிட்டுச் சிரித்தபோது அவள் பேசாமல் இருந்தாள். அப்புறம் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: பதினைந்தாம் தேதிக் கோப்பு எத்தனை மணிக்கு வேண்டும்?